பித்தளைப் பலகையில் இல்லாத வைத்தியர்

வணக்கம் உறவுகளே. இன்று வீதியில் நின்று பேசவில்லை. நான் படித்த பள்ளிக்கூடத்தின் பிரார்த்தனை மண்டபத்துக்குள் நிற்கிறேன். அதிபரிடம் அனுமதி கேட்டுத்தான் கமராவைக் கொண்டுவந்தேன். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுத்திருக்கிறேன். மண்டபத்தைப் பார்த்து அடையாளம் கண்டுவிட்டவர்கள் தயவுசெய்து அதை உங்களுக்குள்ளேயே வைத்திருங்கள்.

இதோ, உலகப் போர்களில் இறந்த பழைய மாணவர்களுக்காக வைத்த இந்தப் பித்தளைப் பலகையைப் பாருங்கள். கிட்டக் கொண்டுபோகிறேன். மேலே 1914–1918, அதன் கீழே மூன்று பெயர்கள். பிறகு 1939–1945, அதன் கீழே எட்டுப் பெயர்கள். வருடத்துக்கு ஒருமுறை பரிசளிப்பு விழாவுக்கு முன்னர் புளி போட்டு மினுக்குவார்கள். மேற்பரப்பு பளபளக்கிறது, ஆனால் எழுத்துகளின் குழிக்குள் பச்சைக் களிம்பு அப்படியே இருக்கிறது. நகத்தால் தடவினால் உணரலாம். கடைசிப் பெயருக்குக் கீழே நான்கு விரல்கடை இடம் வெறுமையாகக் கிடக்கிறது. ஏழு வருடம் ஒவ்வொரு காலையும் இதற்கு நேரெதிரே நின்று தேவாரம் பாடியிருக்கிறேன். அந்த வெற்றிடம் ஒருநாளும் என் கண்ணில் பட்டதில்லை.

கண்ணில் பட வைத்தவர் எங்கள் ஊர் ஆச்சி ஒருவர். வயது எண்பதைக் கடந்துவிட்டது. நான் பழைய படங்களைச் சேகரிப்பதைக் கேள்விப்பட்டு வீட்டுக்கு வரச் சொன்னார். றங்குப்பெட்டியைத் திறந்து, சேலை மடிப்புக்குள்ளிருந்து ஒரு சிறிய புத்தகத்தை எடுத்தார். அவருடைய தகப்பனாரின் கல்வெட்டு.

தமிழ்நாட்டில் இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியது மட்டுமல்ல. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், வந்தவர்களுக்குக் கொடுக்கும் சிறுநூலுக்கும் அதுதான் பெயர். இப்போது நினைவு மலர் என்று வர்ணப் படங்களோடு அச்சிடுகிறார்கள். அந்தக் காலத்தில் மெல்லிய தாளில் பத்துப் பன்னிரண்டு பக்கம்: வம்சவரலாறு, படித்த பள்ளிக்கூடம், பார்த்த உத்தியோகம், மனைவி மக்கள் புலம்பல், எல்லாம் பாட்டாக. எல்லாவற்றுக்கும் முதலில் திதி வெண்பா வரும். எந்த ஆண்டு, எந்த மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), எந்தத் திதி என்று நான்கு அடிக்குள் அடக்கியிருப்பார்கள். பழைய பஞ்சாங்கம் கையில் இருந்தால் அதிலிருந்து ஆங்கிலத் திகதியை எடுத்துவிடலாம். எங்கள் ஊர்களின் இறப்புப் பதிவேடு என்று நான் நம்புவது இதைத்தான்.

ஆச்சி தந்த கல்வெட்டில் திதி வெண்பா இல்லை.

சுபானு வருடம் என்று மட்டும் இருக்கிறது. 1943 சித்திரை தொடங்கி 1944 சித்திரை வரை சுபானு. நாள் அறியக் கிடைக்காதபடியால் ஆடி அமாவாசையையே திதியாகக் கொண்டோம் என்று பாடிய புலவர் எழுதியிருக்கிறார். நூல் அச்சானது 1946இல். மனிதர் இறந்து மூன்று வருடம் கழித்துத்தான் வீட்டுக்குச் செய்தி வந்திருக்கிறது.

அவர் இந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர். கொழும்பு மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்று, மலாயாவுக்குப் போய் அரசாங்க வைத்தியசாலையில் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் இது அதிசயமான பயணம் அல்ல. ரெயில்வே, தபால், திறைசேரி, வைத்தியசாலை என்று மலாயாவின் அலுவலகங்களில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். இன்றும் மலாயன் பென்சனியர் வீடு என்று அடையாளம் சொல்லும் வீடுகள் எத்தனை ஊர்களில் இருக்கின்றன! 1941இல் மனைவியையும் கைக்குழந்தையையும் ஊரில் விட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். அந்தக் குழந்தைதான் ஆச்சி.

டிசம்பரில் யப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் சரணடைந்தது. பிறகு சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்கும் ரயில் பாதை வேலை. 415 கிலோமீற்றர். 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளும், அவர்களைப்போலப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்களும் அதில் வதைபட்டார்கள். தோட்டங்களில் இருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாக அங்கே செத்தார்கள். 1943இல் மழையோடு சேர்ந்து காலரா வந்தது. கல்வெட்டு சொல்வதன்படி, இவரைத் தொழிலாளர் முகாம் ஒன்றுக்கு வைத்தியராக அனுப்பியிருக்கிறார்கள். காலரா நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அதே காலரா. கூட இருந்த ஒருவர் தப்பி வந்து கடிதம் எழுதியபிறகுதான் வீட்டில் மனைவிக்குத் தாலி கழற்றினார்கள்.

நான் ஆச்சியிடம் கேட்டேன்: “அப்படியென்றால் உங்கள் ஐயா போரில் இறந்தவர்தானே? பலகையில் ஏன் பெயர் இல்லை?”

“இல்லைத் தம்பி,” என்றார். “அவர் சண்டைக்குப் போகவில்லையே. வேலைக்கல்லவா போனார்.”

அதைச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். எனக்கு அதற்குமேல் கேள்வி வரவில்லை. சைக்கிளில் திரும்பி வரும்போது அந்த ஒரு வசனம்தான் காதில் நின்றது. ஐந்து மாதமாக நான் தேடுவதெல்லாம் அந்த வசனத்துக்குப் பதில் சொல்லத்தான்.

முதலில் பலகை எப்படி வந்தது என்று பார்த்தேன். பள்ளி நூலகத்தில் 1940களின் சஞ்சிகைகள் இல்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரினால் எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது கைவிட்டுப்போனவை எத்தனையோ, அவற்றில் அவையும் சேர்த்தி. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது 97,000 நூல்கள் போன கதை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நூலகம் நிறுவனத்தார் 2005 முதல் பழைய நூல்களையும் மலர்களையும் மின்வடிவாக்கி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். இரவு இரவாக அதைத் துழாவினேன். பிறகு ஒரு பழைய மாணவரின் வீட்டு அலுமாரியில், 1948ஆம் ஆண்டு சஞ்சிகை கிடைத்தது. அதில் ஓர் அறிவித்தல்: படையில் சேர்ந்து உயிர்துறந்த பழைய மாணவர்களின் பெயர்களை உறவினர்கள் அனுப்பவேண்டும்.

படையில் சேர்ந்து. இந்த இரண்டு சொற்கள்தான். யாரும் வேண்டுமென்று எவரையும் விடவில்லை. ஆச்சியின் தாயார் அந்த அறிவித்தலை வாசித்திருந்தாலும் கடிதம் எழுதியிருக்க மாட்டார். அவர் கணவர் படையில் சேரவில்லையே.

இதே வேலி உலக அளவிலும் இருக்கிறது. பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு 1917இல் தொடங்கியது. இரண்டாம் போருக்கு 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை அவர்கள் கணக்கெடுக்கிறார்கள். அந்தக் காலத்துக்குள் சேவையில் இருந்த படையாள் எப்படி இறந்தாலும், குண்டு பட்டோ காய்ச்சல் வந்தோ, பெயர் உண்டு. பொதுமக்களுக்குத் தனிப் பட்டியல். அதில் சேர எதிரியின் தாக்குதலால் இறந்திருக்க வேண்டும், அல்லது எதிரியின் தடுப்பு முகாமில் இறந்திருக்க வேண்டும். ஒரே முகாமில், ஒரே வாரத்தில், ஒரே காலராவில் இறந்த இரண்டு வைத்தியர்களில் சீருடை போட்டவருக்குக் கல்லறையும் பெயரும் உண்டு. மற்றவருக்கு ஆச்சியின் றங்குப்பெட்டி மட்டும்தான். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இனி, நான் செய்யவிருந்த ஒரு பெரிய பிழையையும் சொல்ல வேண்டும். ஆச்சியின் ஐயாவைத் தவிர இன்னும் இரண்டு பெயர்கள் கிடைத்தன. ஒருவரை ஊரே “யப்பான்காரன் காலத்தில் செத்தவர்” என்று சொன்னது. மூன்று முதியவர்கள் தனித்தனியே சொன்னார்கள். பட்டியலில் எழுதிவிட்டேன். பிறகு 1952ஆம் ஆண்டு சஞ்சிகையில் ஒரு படம் பார்த்தேன். பரிசளிப்பு விழாவில் கோட்டும் தலைப்பாகையுமாகப் பரிசு கொடுத்துக்கொண்டு நிற்கிறார், அதே மனிதர். உயிரோடு திரும்பி வந்து, ஓய்வூதியம் எடுத்து, இந்த மண்டபத்திலேயே பேசியிருக்கிறார். இறந்தது அதே முதலெழுத்தும் அதே பெயரும் கொண்ட வேறொருவர். உயிரோடு இருந்தவரின் பெயரைப் பித்தளையில் வெட்டியிருப்போம் உறவுகளே. அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. ஆகவே ஒருவருக்கு இரண்டு எழுத்துச் சான்றாவது கிடைக்காமல் எதையும் பழைய மாணவர் சங்கத்துக்குக் கொண்டுபோவதில்லை என்று முடிவெடுத்தேன். வாய்மொழி வழி காட்டும், ஆனால் அது சான்று ஆகாது.

மற்றவர் வைத்தியரே அல்ல. டிரெசர். மலாயாத் தோட்ட வைத்தியசாலைகளில் புண்ணுக்கு மருந்து கட்டுவது முதல் குயினைன் கொடுப்பது வரை செய்தவர் டிரெசர்தான். அவரைத்தான் தொழிலாளர்கள் டாக்டர் ஐயா என்று கூப்பிட்டார்கள். இவர் 1942 பெப்ரவரியில் சிங்கப்பூரில் இறந்ததாகக் குடும்பம் சொல்கிறது. அந்த நாட்களில் சிங்கப்பூர்ப் பொது வைத்தியசாலை வளவில் 400க்கும் மேற்பட்டவர்களை ஒரே குழியில் அடக்கம் செய்தார்கள். சிங்கப்பூரின் கிராஞ்சிப் போர்க் கல்லறையில் அவர்களுக்கென்றே தனி நினைவுச்சின்னம் இருக்கிறது. ஆணைக்குழுவின் பட்டியலில் இவர் பெயரைப்போல ஒன்று கண்டேன். ஆனால் எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் விதம் உங்களுக்குத் தெரியாததா? கந்தையா என்ற ஒரு பெயரை நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். அந்தப் பதிவில் ஊரும் இல்லை, தகப்பன் பெயரும் இல்லை. ஆகவே நிறுத்தி வைத்திருக்கிறேன். வைத்தியர் என்று பட்டம் இல்லாதவரை ஏன் சேர்க்க வேண்டும் என்று ஒரு பெரியவர் கேட்டார். ஐயா, பலகை பழைய மாணவர் என்றுதான் சொல்கிறது, பட்டதாரி என்று சொல்லவில்லை.

மண்டபத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன். இப்போது ஆஸ்பத்திரி வீதி. எதிரே தெரிவது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. 1987 ஒக்டோபர் 21ஆம் திகதி, தீபாவளி நாள், இந்திய அமைதிப்படை இதற்குள் நுழைந்து சுட்டது. நோயாளிகள் பலரும், அவர்களைத் தவிர வைத்தியர்கள், தாதியர், ஊழியர் என்று பணியில் இருந்த 21 பேரும் கொல்லப்பட்டார்கள். குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம் மறுநாள் காலை தாதியரோடு கைகளை உயர்த்திக்கொண்டு வெளியே வந்தபோது சுடப்பட்டார். வைத்தியர்கள் கணேசரத்தினம், பரிமேலழகர் ஆகியோரும் இறந்தார்கள். அவர்களும் அன்று வேலைக்குத்தான் போனார்கள். ஒவ்வொரு ஒக்டோபர் 21ஆம் திகதியும் உள்ளே படங்களை வைத்து, பெயர் சொல்லி, விளக்கேற்றுகிறார்கள். கூடப் பணிபுரிந்தவர்கள் பதிவை அழியவிடவில்லை. மலாயாவில் இறந்தவர்களுக்கு அப்படிக் கூடப் பணிபுரிந்தவர்கள் இங்கே மிஞ்சவில்லை.

அடுத்த மாதம் பழைய மாணவர் சங்கத்தின் கூட்டம். ஆச்சியின் ஐயாவுக்கு என்னிடம் இரண்டு சான்றுகள் இருக்கின்றன. ஒன்று கல்வெட்டு. மற்றது தப்பி வந்தவர் எழுதிய கடிதம். அதையும் ஆச்சி போன கிழமைதான் தேடி எடுத்தார். இரண்டையும் பிரதி எடுத்து, ஒரு பெயருக்கு மட்டும் விண்ணப்பம் கொடுக்கப்போகிறேன். டிரெசருக்காக இன்னும் தேட வேண்டும். உங்கள் வீட்டில் 1942 முதல் 1947 வரை அச்சான கல்வெட்டு இருந்தால், மலாயா, சிங்கப்பூர், சயாம் என்ற சொற்கள் அதில் வந்தால், திதி வெண்பாப் பக்கத்தையும் வம்சவரலாற்றுப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். தாள் உதிரும் நிலையில் இருந்தால் விரிக்காதீர்கள். நானே வந்து பார்க்கிறேன்.

இப்போது ஆச்சி வீட்டுக்குப் போகிறேன். புத்தகத்தை இன்று பின்னேரத்துக்குள் திருப்பித் தருவதாகச் சொல்லித்தான் வாங்கி வந்தேன்.