ரத்தசோகை என்று எழுதுவதோடு நிற்காதீர்கள்

(கூடலூரில் கிராம சுகாதார செவிலியர்கள், ஆஷா பணியாளர்கள் கூட்டத்தில் பேசியது)

சகோதரிகளே,

கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று அட்டையில் எழுதுகிறோம். இரும்புச்சத்து மாத்திரை தருகிறோம், கீரை சாப்பிடச் சொல்கிறோம். சரி, பலருக்கு அது போதும். ஆனால் மாத்திரை போட்டும் ஏறவில்லை என்றால்? "நீ ஒழுங்காப் போடலை" என்று அவளைத்தான் திட்டுகிறோம். எனக்குப் பொறுக்காதது இதுதான். பச்சைத் தேயிலை பறித்துவிட்டு மேடேறி வருகிறவளுக்கு மூச்சு வாங்குகிறதே, அதன் காரணம் பிறவியிலேயே ரத்தத்தில் வந்ததாக இருக்கலாம்.

இந்த மலைக்கு இது புதுச் செய்தி அல்ல. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தக் கோளாறு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-லேயே எழுதிவிட்டார்கள். அத்தனை காலம் கழித்தும் நம் அட்டையில் அதற்கு ஒரு வரி இல்லாமல் போகலாமா?

நல்ல சிவப்பணு சுமார் 120 நாள் இருக்கும். சிக்கிள் செல் நோயில் அது அரிவாளாக வளைந்து, 10, 20 நாளிலேயே உடைந்துவிடுகிறது. உடைந்த அணுவின் இரும்பில் பெரும்பகுதி உடம்பிலேயே தங்கும். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கு அது அளவுமீறிச் சேர்ந்து கெடுதல் செய்யும். இரும்பு குறைவா என்று பார்த்துத்தான் டாக்டர் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். புது அணு உருவாக ஃபோலிக் அமிலம் இவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

முதல் மூன்று மாதத்துக்குள் ஹீமோகுளோபின் வகையைக் காட்டும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். சிக்கிள் செல்லோடு, தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்தக் கோளாறும் அதில் தெரியும். அவள் இந்த நோயின் மரபணுவைச் சுமப்பவள் என்று வந்தால் கணவரையும் கூப்பிடுங்கள். இரண்டு பேரும் சுமப்பவர்கள் என்றால் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. "மூத்தவனுக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை" என்று கணக்குப் போடுகிறார்கள். அப்படி இல்லை, ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே நான்கில் ஒன்றுதான். இதை வீட்டில் சொல்லும்போது மாமியாரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். பாதி தந்தையிடமிருந்தும் வருகிறது என்பது அவர் காதில் விழ வேண்டும்.

அப்புறம், நம் ஊர்க் குளிர். குளிரும், தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் இந்த நோயின் வலியைக் கிளப்பும். கம்பளி, வெந்நீர் இரண்டையும் கேட்டு உறுதிசெய்யுங்கள். நெஞ்சுவலி, காய்ச்சல், மூச்சுத்திணறல் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வருகிறவரிடம் முதல் வார்த்தையாக "சிக்கிள் செல் உள்ள கர்ப்பிணி" என்று சொல்லுங்கள்.