நூலகத்து மூலையில் ஒரு மேசை

(தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில், கோயில் மண்டபமொன்றில் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். பூஜை முடிந்து சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்று தெரியும். இருந்தாலும் சனிக்கிழமைகளில் லைப்ரரியில் நாங்கள் போடும் இலவச சட்ட உதவி மேசையைப் பற்றி அரைகுறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சனிக்கிழமை காலை. லைப்ரரி கதவைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எண்பதைத் தொட்ட ஒரு ஆயா உள்ளே வந்தார். கையில் இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா. மூடி கழன்றுவிடாமல் இரண்டு ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளிவிட்டு, "இதுல என்ன எழுதியிருக்குன்னு பாரு தம்பி" என்றார்.

மேலே தண்ணீர் பில், கரண்ட் பில். அதற்கடியில் கணவரின் இறப்புச் சான்றிதழ். அப்புறம் மஞ்சளடித்துப்போன கல்யாணப் பத்திரிகை ஒன்று, ஓரம் கிழிந்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில், நாலாக மடித்து, ஒரு வக்கீல் கடிதம். முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. அனுப்பச் சொன்னது கணவருடைய அண்ணன் மகன். வீடு செத்துப்போனவர் பெயரில் இருக்கிறது, உயில் கிடையாது, பிள்ளையும் இல்லை, உங்கள் கல்யாணமோ எங்கும் பதிவாகவில்லை, அதனால் சட்டப்படி நீங்கள் மனைவியே இல்லை என்பது அவர் வாதம்.

அந்த ஆயா துணித் தொழிற்சாலையில் முப்பது வருடம் மிஷின் மிதித்து அந்த வீட்டுக்குத் தவணை கட்டியவர். கடிதம் வந்து பதினெட்டு நாளாக அதை டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தார். யாரிடமும் காட்டவில்லை. வெட்கம் என்றார்.

அன்று எங்களுக்கு வக்கீல் வரும் நாள். அவர் அந்த அம்மாவுக்கு முதலில் ஒன்றைத்தான் சொன்னார்: இது வெறும் கடிதம், கோர்ட் உத்தரவு இல்லை. நம் அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு, கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாது என்கிறது. அதை நடைமுறைப்படுத்த 1998இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. பிறகு இரண்டாவது விஷயம். உயில் இல்லாமல் இறந்தவரோடு இந்து முறைப்படி வாழ்ந்த மனைவி, பதிவு இல்லாவிட்டாலும், வாரிசுரிமைச் சட்டத்துக்கு மனைவிதான் என்று நம் டர்பன் உயர் நீதிமன்றம் 2008இலேயே தீர்ப்பு சொல்லிவிட்டது. பிள்ளை இல்லாத வீட்டில் சொத்து முழுக்க அவருக்கே போகும். ஆனால் கல்யாணம் நடந்தது என்று காட்ட வேண்டும். கிழிந்த அந்தப் படத்தையும் பத்திரிகையையும் அந்த ஆயா அத்தனை வருடம் எறியாமல் வைத்திருந்தாரே, அவைதான், இறந்தவர்களின் சொத்து விவகாரத்தைக் கவனிக்கும் மாஸ்டர் அலுவலகத்துக்குப் போன முதல் ஆதாரம். அவர் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறார்.

1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி, கிறிஸ்தவ முறையில் நடக்காத கல்யாணம் இந்த நாட்டில் செல்லாது என்று தீர்ப்பெழுதினார். ஒரே நாளில் நம் பாட்டிமார் அத்தனை பேரும் மனைவி என்ற பெயரை இழந்தார்கள். அந்த ஆத்திரத்தில்தான் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22இல் பதினாறு வயதில் உயிரை விட்டாள். வருடாவருடம் அவள் படத்துக்கு மாலை போடுகிறோம். ஆனால் நூறு வருடத்துக்குப் பிறகும் ஒரு ஆயா, தான் மனைவிதான் என்று காட்ட டப்பாவைத் தூக்கிக்கொண்டு அலைகிறார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

சரி, இந்த மேசையை ஏன் லைப்ரரியில் போட்டோம்? கோர்ட் வாசலில் நின்றால் யாராவது பார்த்துவிடுவார்கள். வக்கீல் ஆபீஸ் படியேறினால் காசு கேட்பார்களோ என்று பயம். போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போனால் தெருவே பேசும். லைப்ரரிக்குப் போகிறவரை ஏன் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. பேரனைக் கூட்டிக்கொண்டு வரலாம், பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கலாம், தைரியம் வந்த பிறகு மேசைக்கு வரலாம். இரண்டு சனிக்கிழமை பேப்பர் மட்டும் படித்துவிட்டு மூன்றாவது வாரம் வாய் திறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆரம்பத்தில் 'இலவச சட்ட உதவி' என்று பெரிதாகப் பலகை வைத்தோம். ஒரு மாதம் ஈ காக்கை வரவில்லை. சட்டம் என்ற சொல்லே ஆளை விரட்டுகிறது என்று அப்புறம்தான் புரிந்தது. பலகையை எடுத்துவிட்டு 'கடிதம், படிவம் புரியவில்லையா? இங்கே கேளுங்கள்' என்று ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் தமிழிலும் எழுதி வைத்தோம். அந்த வாரமே ஆள் வரத் தொடங்கியது. ஜூலுவில் எழுதியது சும்மா அழகுக்கு இல்லை. வெல்பிடாக்ட் பக்கமிருந்து ஜூலு பேசும் தாய்மார் நிறைய வருகிறார்கள், பிள்ளைக்குப் பராமரிப்புப் பணம் வாங்கித் தரச் சொல்லி. அவர்களும் நம் தெருக்காரர்கள்தான்.

மேசையை எங்கே போடுவது என்பதற்கே எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. வாசல் பக்கம் வேண்டாம், ஜன்னல் பக்கம் வேண்டாம். அகராதிகள் இருக்கும் அலமாரிக்குப் பின்னால், வருகிறவர் முகம் சுவரைப் பார்க்கிற மாதிரி நாற்காலி. போகிற வருகிறவர்களுக்கு முதுகு மட்டும்தான் தெரியும். சாட்ஸ்வொர்த்தில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். மேசையில் உட்கார்ந்திருப்பவரே வந்தவருடைய நாத்தனாராக இருக்கலாம். அப்படியானால் எழுந்து வேறொருவருக்கு இடம் விட்டுவிட வேண்டும், ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. மூலப் பத்திரம் எதையும் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. நகல் எடுத்து, அவர் கண் முன்னாலேயே அதே டப்பாவில் அதே வரிசையில் திருப்பி வைக்கிறோம்.

இப்போது நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து கடை வேலைக்கு வந்த ஒரு பையன். திடீரென்று வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். பெர்மிட் காலாவதியாகிவிட்டது, அதனால் உன் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள் என்று பயமுறுத்தி அனுப்பியிருக்கிறார்கள். அது பொய். பெர்மிட் இல்லாத தொழிலாளிக்கும் நியாயம் கேட்க உரிமை உண்டு என்று தொழிலாளர் நீதிமன்றம் 2008இல் சொல்லியிருக்கிறது. எனக்கு அது அன்று தெரியாது. "இரண்டு வாரம் கழித்து வக்கீல் வருவார், அப்போது வா தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் வந்தான். ஆனால் வேலை போன நாளிலிருந்து முப்பது நாளுக்குள், வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் சிசிஎம்ஏ ஆணையத்தில் மனு கொடுத்திருக்க வேண்டும். நான்கு நாள் தாண்டிவிட்டது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி காரணம் காட்டி மனு போடலாம்தான். அந்தத் தாளை எழுதி முடிப்பதற்குள் கையில் காசில்லாமல் அவன் ஊருக்கே போய்விட்டான். அந்தப் பையன் போனது என் கவனக்குறைவால்.

அதிலிருந்து எங்கள் மேசையில் யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இந்தத் தாள் என்றைக்குக் கைக்கு வந்தது?" பெயர்கூட அதற்கப்புறம்தான். தேதியைச் சிவப்பு மையில் எழுதுகிறோம். கெடு நெருங்கியிருந்தால் அடுத்த சனிக்கிழமைக்குக் காத்திருப்பதில்லை. சட்ட உதவித் துறையின் 0800 110 110 என்ற இலவச எண்ணுக்கு அங்கேயே உட்கார வைத்துப் பேசவைக்கிறோம்.

தொண்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். நாம் வக்கீல் இல்லை. "உங்கள் கேஸ் ஜெயிக்கும்" என்று ஒரு வார்த்தை வாயில் வரக்கூடாது. இது என்ன தாள், எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், எந்தத் தேதிக்குள் போக வேண்டும், கையில் என்ன கொண்டுபோக வேண்டும். இதுவரைக்கும் சொல்லலாம். அதற்கு மேல் வக்கீல் சொல்லட்டும். நல்ல மனசு உள்ளவர்களுக்குத்தான் இது கஷ்டம். எதிரே ஒருவர் அழும்போது ஆறுதலாக ஏதாவது சொல்லிவிடத் தோன்றும். அந்த ஆறுதலை நம்பி அவர் கெடுவை விட்டுவிட்டால் என்ன செய்வது?

வக்கீலே தேவைப்படாத விஷயங்களும் நிறைய உண்டு. அட்வான்ஸைத் திருப்பித் தராத வீட்டுக்காரர், வேலையை முடிக்காமல் பணத்தோடு போன கொத்தனார், இப்படி 20,000 ராண்டுக்குள் என்றால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. அங்கே வக்கீலுக்கு இடமே கிடையாது, நீங்களே பேச வேண்டும். முதலில் பதினான்கு நாள் கெடு வைத்து ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அதை லைப்ரரி கம்ப்யூட்டரிலேயே அடித்துத் தருகிறோம். வீட்டில் அடி உதை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், அதற்கும் வக்கீல் வேண்டியதில்லை.

உயில் விஷயத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். வருடத்தில் ஒரு வாரம் வக்கீல்கள் இலவசமாக எளிய உயில் எழுதித் தருகிறார்கள். நம்மில் பலர் அதற்கும் போகாமல், கடையில் படிவம் வாங்கி வீட்டிலேயே எழுதிக்கொள்கிறோம். சாட்சிக் கையெழுத்துக்கு யார்? கைக்கு எட்டிய மருமகள். அங்கேதான் வினை. சாட்சி போடுகிறவருக்கும் அவருடைய கணவனுக்கோ மனைவிக்கோ அந்த உயிலில் எழுதியது கிடைக்காமல் போகலாம் என்று 1953ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. மகனுக்கு வீட்டை எழுதி, மருமகளைச் சாட்சி வைத்து, மகனையே சிக்கலில் மாட்டிவிட்ட அப்பாக்கள் இரண்டு பேரின் தாளை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் இருவரைக் கூப்பிடுங்கள். அவர்கள் முன்னிலையில் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னும் ஒரே ஒரு விஷயம்.

1894இல் இதே டர்பனில், கிழிந்த துணியோடு, முன்பல் இரண்டு உடைந்து வாயில் ரத்தம் ஒழுக, தலைத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். முதலாளி அடித்த அடி. காந்தி அவரை டாக்டரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கி, மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப்போய், கடைசியில் வேறு முதலாளிக்கு மாற்றிவிட்டார். இது நமக்கெல்லாம் தெரிந்த கதை. இதில் நாம் கவனிக்காத ஆள் ஒருவர் இருக்கிறார். காந்திக்குத் தமிழ் தெரியாது. பாலசுந்தரம் அழுதுகொண்டே சொன்னதை முழுக்கக் கேட்டு, காந்திக்குப் புரியவைத்தவர் அங்கே வேலை பார்த்த தமிழ்க் குமாஸ்தா. அவர் அன்று இல்லாமல் இருந்திருந்தால்?

எங்கள் மேசைக்கு வக்கீல் கிடைக்கிறார்கள். சட்டம் படிக்கும் பிள்ளைகளும் ஆசையாக வருகிறார்கள். கிடைக்காதவர் அந்தக் குமாஸ்தாதான். இப்போதைய பிள்ளைகளுக்குத் தமிழ் தேவாரத்தோடு நின்றுவிட்டது. ஆனால் ஆயாக்கள் வருகிறார்கள். கோயில் வேலைக்கு வந்த சிற்பிகள் வருகிறார்கள். மனசிலிருப்பதைத் தமிழில்தான் அவர்களால் முழுதாகச் சொல்ல முடிகிறது. ஐஸ்கிரீம் டப்பா ஆயா என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னது "லெட்டர் கேம்" என்ற இரண்டு சொல். தமிழில் கேட்டபோதுதான் கல்யாணம், தொழிற்சாலை, தவணை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

இந்த மண்டபத்தில் தமிழ் நன்றாகப் பேசுகிறவர்கள் முப்பது பேராவது இருப்பீர்கள். எனக்கு நான்கு பேர் போதும். மாதம் இரண்டு சனிக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அதை நாங்கள் சொல்லித் தருகிறோம். பொறுமையாகக் கேட்கத் தெரிந்தால் போதும். கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது. வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் என் தங்கை ஒரு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடப் போகும் முன்பு பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வணக்கம்.