‘உள்ளது’ இல்லாமல் ஒரு தெருவைச் சொல்லுங்கள்

அவையோருக்கு வணக்கம். முன்வரிசையில் பள்ளிப் பிள்ளைகள், பின்வரிசையில் அவர்களுக்குத் தமிழ் எடுக்கிற ஆசிரியர்கள். இரண்டு தரப்புக்கும் இன்று ஒரே வேலைதான்.

‘எங்கள் தெரு’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் பத்தில் எட்டு நோட்டில் வருவது இது: “எங்கள் தெருவில் ஒரு பிள்ளையார் கோயில் உள்ளது. கோயிலுக்கு அருகில் ஒரு குளம் உள்ளது. குளக்கரையில் ஓர் அரசமரம் உள்ளது. தெருமுனையில் ஒரு டீக்கடை உள்ளது.” பிழை எதுவும் இல்லை. ஆனாலும் மூன்றாவது வரியிலேயே கண் சொக்குகிறது. நான்கு வாக்கியமும் வெவ்வேறு சொல்லில்தான் தொடங்குகின்றன, ஆனால் அது உதவவில்லை. தமிழில் பயனிலை கடைசியில் வந்து உட்கார்கிறது. காதில் தங்குவதும் அந்தக் கடைசிச் சொல்தான். ஆகவே நம் வாக்கியத்துக்கு மாற்றம் வேண்டுமென்றால் வாலில் கை வைக்க வேண்டும்.

பயிற்சி இப்படி. உங்கள் தெருவில் இருநூறு அடி தூரம் நடந்துவிட்டு வாருங்கள். நடக்கும்போது வாக்கியம் எழுதாதீர்கள். பெயர்ச்சொல் பத்து, வினைச்சொல் பத்து, அவ்வளவுதான் குறிப்பு. வீட்டுக்கு வந்து பத்து வாக்கியம் எழுதி, ஒவ்வொன்றின் கடைசிச் சொல்லையும் வட்டமிடுங்கள். ‘உள்ளது’, ‘இருக்கிறது’ இரண்டும் சேர்ந்து இரண்டு தடவைக்கு மேல் வந்தால் மிச்சத்தை மாற்றி எழுத வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: ‘அமைந்துள்ளது’, ‘காணப்படுகிறது’ என்று மாற்றிவிட்டுத் தப்பிக்கப் பார்ப்பார்கள். அது ‘உள்ளது’க்கு இஸ்திரி போட்டது, ஆள் அதே ஆள்தான்.

முதல் மாற்று, வினையே இல்லாமல் முடிப்பது. “எங்கள் தெருவுக்குக் கீழண்டை வாய்க்கால். மேலண்டை ரைஸ் மில்.” பெயரே பயனிலையாக நின்றுவிடும். இது தமிழுக்கு இயல்பு; குறை வாக்கியம் என்று யாரும் சிவப்பு மையில் கோடு போடக் கூடாது. இரண்டாவது, பொருள் எப்படி இருக்கிறதோ அந்த வினையைக் கொடுப்பது. மரம் நிற்கிறது, வாய்க்கால் ஓடுகிறது, பூசணி கூரைமேல் படர்ந்திருக்கிறது, கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் குவிந்து கிடக்கிறது. நடக்கும்போது வினைச்சொல் பத்தைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அடுத்து, சொல் வரிசை. “தெருமுனையில் ஒரு டீக்கடை இருக்கிறது” என்பது டீக்கடையைப் புதிதாக அறிமுகம் செய்கிறது. “டீக்கடை தெருமுனையில் இருக்கிறது” என்றால் கேட்பவருக்குக் கடை ஏற்கெனவே தெரியும், இடம்தான் தெரியாது. “தெருமுனையில் இருப்பது டீக்கடை” என்றால் அங்கே வேறு எதையோ நினைத்தவரைத் திருத்துகிறோம். வரிசையை மாற்றினால் அழகு கூடும் என்று மட்டும் பாடம் நடத்தாதீர்கள். யாருக்கு என்ன தெரியும் என்பது மாறுகிறது.

இப்போது நீளமான வாக்கியம். வினையெச்சத்தை, அதாவது ‘தாண்டி’, ‘வந்து’ என்று முடியாமல் அடுத்த வினையைத் தேடி நிற்கும் சொல்லைப் பழக நம் காவிரி டெல்டாவைப்போல வாய்ப்பான இடம் கிடையாது. “மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்பைத் தாண்டி, கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, வாய்க்காலில் இறங்கி, எங்கள் மதகில் முட்டி நிற்கிறது.” ஐந்து எச்சம், வாக்கியத்தை முடிக்கிற முற்று ‘நிற்கிறது’ ஒன்றே. மூச்சு முட்டாததற்குக் காரணம், தாண்டியதும் வந்ததும் பிரிந்ததும் இறங்கியதும் முட்டியதும் ஒரே தண்ணீர். எழுவாய் மாறாத வரைக்கும் ‘செய்து’ என்னும் எச்சத்தைக் கோத்துக்கொண்டே போகலாம்.

எழுவாய் மாறினால் சங்கிலி அறும். “மதகைத் திறந்து தண்ணீர் வயலில் பாய்ந்தது” என்று எழுதினால், தண்ணீரே மதகைத் திறந்துகொண்டதா என்று கேட்கத் தோன்றும். “மதகைத் திறந்ததும்” என்றோ “திறக்க” என்றோ மாற்றினால் சரியாகிவிடும். “மழை பெய்து குளம் நிறைந்தது” மட்டும் எப்படிச் சரி என்று கேட்பீர்கள். அங்கே முன்னது காரணம், பின்னது காரியம்; ‘பெய்ய’ என்பதே ‘பெய்து’ எனத் திரிந்து நிற்பதாகச் சொல்லி இலக்கணம் அதை ஏற்றுக்கொள்ளும். பழகும் காலத்தில் அந்தச் சலுகையை எடுக்காதீர்கள்.

பெயரெச்சத்தில், அதாவது ‘உட்கார்ந்திருக்கிற’ என்று ஒரு பெயரைத் தேடி நிற்கும் சொல்லில், வேறு சிக்கல். “படித்துறையில் உட்கார்ந்திருக்கிற தபால்காரரின் மகன்” என்றால் உட்கார்ந்திருப்பது அப்பாவா, பிள்ளையா? எச்சம் தன் பக்கத்தில் இருக்கிற பெயரைத்தான் முதலில் பிடிக்கும். “படித்துறையில் உட்கார்ந்திருக்கிறானே, அவன் தபால்காரர் மகன்” என்று பேச்சில் நாம் தெளிவாகத்தான் சொல்கிறோம். அந்த அமைப்பை எழுத்துக்கும் கொண்டுவரலாம். தாழ்ந்த நடை ஒன்றும் இல்லை.

வாக்கியம் நீண்டால் ஒருமை பன்மையும் நழுவும். “2018 கஜா புயலில் பாதி சாய்ந்து, பிறகு நிமிராமலே தழைத்த தென்னைகள் வாய்க்கால் ஓரம் வரிசையாக நிற்கிறது.” ‘வாய்க்கால்’ என்ற ஒருமை நடுவில் புகுந்து ஏமாற்றிவிட்டது. எழுதி முடித்ததும் எழுவாயையும் கடைசிச் சொல்லையும் மட்டும் சேர்த்துப் படியுங்கள்: தென்னைகள் நிற்கின்றன.

செயப்பாட்டு வினையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மூன்று வாக்கியம். “மதகு மூடியிருக்கிறது.” நிலையைச் சொல்கிறது, அவ்வளவுதான். “மதகு மூடப்பட்டிருக்கிறது.” யாரோ மூடினார்கள், யார் என்று சொல்லவில்லை, அறிவிப்புப் பலகையின் குரல். “மதகை மூடிவைத்திருக்கிறார்கள்.” இங்கேயும் ஆளின் பெயர் இல்லை, ஆனால் வேண்டுமென்றே செய்ததாகக் குற்றச்சாட்டு கேட்கிறது. வாய்க்கால் முடிகிற கடைமடையில் இருக்கும் விவசாயி மூன்றாவதைத்தான் சொல்வார். அலுவலகக் குறிப்பில் இரண்டாவதுதான் இருக்கும். ஒரே மதகைப் பற்றி இந்த மூன்றையும் எழுதப் பழகிய பிள்ளைக்குச் செய்வினை, செயப்பாட்டுவினை என்று அட்டவணை போட்டு விளக்க வேண்டியதில்லை. ‘படு’ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பத்தியில் ஒன்றுக்கு மேல் வந்தால் ஏன் என்று கேளுங்கள்.

வினா வாக்கியம், உணர்ச்சி வாக்கியம் எல்லாம் தேவைப்பட்டால் தானே வரும். பத்துக்கு ஒன்று போதும்; ஆச்சரியக்குறியைத் தூவாதீர்கள்.

கடைசிச் சோதனை வாய்விட்டுப் படிப்பது. ஒவ்வொரு வாக்கியத்திலும் எத்தனை சொல் என்று ஓரத்தில் எண் போடுங்கள். 6, 6, 7, 6 என்று வந்தால் அடுத்தடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கி, அதற்குப் பின்னால் மூன்றே சொல்லில் ஒரு வாக்கியம் வையுங்கள். 4, 15, 3, 9 என்று எண்கள் ஏறி இறங்கினால் காதுக்கும் அப்படியே இருக்கும்.

இந்த மண்டப வாசலிலேயே வாய்க்கால் ஓடுகிறது. டீ வர இருபது நிமிடம் ஆகுமாம். நோட்டை எடுத்துக்கொண்டு போய் நான்கு வாக்கியம் எழுதிக்கொண்டு வாருங்கள், ஆசிரியர்களும்தான்.