மாண்ட்கோமரி நகரத்து அடுப்படி

(மகளிர் நாளையொட்டி எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, வேலை நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நாற்காலி எடுத்துப் போட்ட நூலகர் அவர்களே, மாணவியரை அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம். உறுப்பினர் அம்மையாருக்கு இன்னொரு விழாவும் இருக்கிறது. இருந்தும் நமக்காக அமர்ந்திருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார் என் அம்மாச்சி. அமெரிக்காவில், அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில், பேருந்தில் வெள்ளையருக்குத் தனி இடம் என்ற பாகுபாட்டை எதிர்த்து, கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தில் ஏறாமல் நடந்தார்கள். அந்த நடைக்குப் பின்னால் இருந்த பெண்களைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: யார் அழைத்தார்கள், யார் அடுப்பு மூட்டினார்கள், யார் வழக்காடினார்கள்.

1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை. பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்து ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதானார். இது நமக்குத் தெரியும். அன்றிரவு ஜோ ஆன் ராபின்சன் என்ற பேராசிரியை, தான் பாடம் நடத்திய கல்லூரிக்குப் போய், ஒரு சக ஆசிரியரையும் இரண்டு மாணவர்களையும் வைத்துக்கொண்டு விடிய விடிய, படியெடுக்கும் சைக்ளோஸ்டைல் எந்திரத்தை ஓட்டினார். திங்கட்கிழமை யாரும் பஸ் ஏற வேண்டாம் என்று பல்லாயிரம் துண்டறிக்கைகள்! சைக்ளோஸ்டைல் சுற்றியவர்களுக்குத் தெரியும், அந்த மை நகக்கண்ணில் ஏறினால் இரண்டு நாளைக்குப் போகாது.

அது ஒரே இரவில் பிறந்த கோபமும் அல்ல. 1946-இல் மேரி ஃபேர் பர்க்ஸ் தொடங்கிய பெண்கள் அரசியல் மன்றத்தின் தலைவியாக, 1954-லேயே மேயருக்கு ராபின்சன் கடிதம் எழுதிவிட்டார். பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பின மக்களாகிய நாங்கள், நாங்கள் ஏறாவிட்டால் உங்கள் பேருந்து ஓடாது என்று எச்சரித்த கடிதம் அது. அடி மேல் அடி என்று நான் சொல்வது இதைத்தான்.

இப்போது ஜார்ஜியா கில்மோர் அம்மாளின் கதைக்கு வருகிறேன். அவர் ஓர் உணவுக்கடையில் சமையல்காரி. ஒருநாள் பேருந்தின் முன்வாசலில் காசு போட்டார். இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏறு என்றான் ஓட்டுநர். இவர் இறங்கியதும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். போட்ட காசும் போயிற்று. இந்தப் பேருந்து மறுப்பை வழிநடத்தியதற்காக 1956-இல் மார்ட்டின் லூதர் கிங் மீது நடந்த வழக்கில் கூண்டேறி இதைச் சொன்னார் கில்மோர். வேலை போனது. வீட்டு அடுப்பிலேயே சமைத்து விற்கத் தொடங்கினார். கூட்டாளிப் பெண்கள் பலர் வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்தவர்கள். பெயர் வெளியே தெரிந்தால் அவர்கள் பிழைப்பும் போகும். பொரித்த கோழி வைத்த சாண்ட்விச், சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுட்ட ‘பை’ என்ற பலகாரம், கேக் என்று அழகு நிலையங்களிலும் தெருக்களிலும் விற்றார்கள். அந்தக் காசு தேவாலயக் கூட்டத்துக்கு வரும். கில்மோர் எழுந்து தொகையைச் சொல்வார், கூட்டமே எழுந்து நின்று கைதட்டும். எங்கிருந்து வந்த பணம் என்றால், எங்கிருந்துமில்லை! சங்கத்தின் பெயரே ‘எங்கிருந்துமில்லாத சங்கம்’. நடக்க முடியாதவர்களை ஏற்றிப்போன கார்களுக்கு அந்தப் பணத்தில்தான் பெட்ரோல் போட்டார்கள். நகரத்தின் இன்னொரு பக்கத்தில் ஐனெஸ் ரிக்ஸ் என்ற பெண்மணி ஒரு சங்கம் வைத்து, யார் அதிகம் திரட்டுவது என்று இவரோடு போட்டி போட்டார். அம்மி நகராமல் என்ன செய்யும்?

மூன்றாவது செய்தி. பேருந்தில் நடந்த இனப் பாகுபாட்டை எதிர்த்து நீதிமன்றத்தில் வழக்காடிய ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்டு, கிளாடெட் கோல்வின், மேரி லூயிஸ் ஸ்மித் ஆகியோரின் பெயர்களை மாணவியர் குறித்துக்கொள்ளுங்கள். ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, அவரைப் போலவே பேருந்தில் இடம் விட மறுத்துக் கைதானபோது கோல்வினுக்கு வயது 15.

ஆனால் கில்மோரோடு சமைத்த பலரின் பெயர் யாரிடமும் இல்லை. பயத்தால் மறைத்த பெயர்கள், மறைந்தே போயின. நம் ஊரில் பயமும் இல்லை, ஆனாலும் எழுதவில்லை. தறி வேலைநிறுத்தத்தின்போது கஞ்சித்தொட்டிக்கு அரிசி திரட்டிய பெண்களை யாராவது எழுதி வைத்தோமா? அதற்காகத்தான் ஓராண்டாகப் பெண்கள் பெயரேடு ஒன்று கேட்டுவருகிறேன். நகர்மன்றம் அதற்கு ஒரு சிறு தொகை ஒதுக்க வேண்டும் என்று உறுப்பினர் அம்மையாரிடம் இந்த மேடையிலேயே விண்ணப்பம் வைக்கிறேன். அதுவரை, நூலகர் மேசையில் நீல அட்டை நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். போகும்போது உங்கள் பாட்டி பெயரையும் அவர் செய்ததையும் இரண்டு வரி எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.