அக்குளில் ஒரு கறுப்புப் பொருக்கு

(காட்சி: பாகூர் பக்கம் ஒரு வாய்க்கால் கரை. மழை விட்ட காலை. ஈரப் புல்லுக்குள் ஓர் அரிவாள்.)

வணக்கம். போன கார்த்திகையில் என் அத்தைக்குக் காய்ச்சல் ஒன்பது நாளாக விடவே இல்லை. அத்தை இரண்டு மாடு வைத்திருக்கிறார். தினமும் இந்தக் கரையில்தான் புல் அறுப்பார். முதலில் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டார். அப்புறம் ஒரு கிளினிக்கில் ஊசி. ரத்தத்தில் தட்டணு குறைந்ததும் டெங்குவாக இருக்கும் என்றார்கள். பரிசோதனையில் டெங்கு இல்லை. பத்தாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே உடை மாற்றிவிட்ட நர்ஸ், அத்தையின் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மா, அக்குள்ல இது எப்ப வந்துச்சு?"

"காய்ச்சலுக்கு முன்னாடியே இருக்குதும்மா. வலியும் இல்ல, அரிப்பும் இல்ல. அதான் யார்கிட்டயும் சொல்லல."

மிளகைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவப்பு வளையம். பீடி நெருப்பு பட்டு ஆறியது போல இருந்தது. ஒன்பது நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை.

(காட்சி: பொருக்கின் படம், நெருக்கத்தில்.)

இந்த நோய்க்கு ஸ்க்ரப் டைபஸ் என்று பெயர். நம் பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. உண்ணி என்றதும் நாயின் காதில் ரத்தம் குடித்து உப்பிக் கிடக்கிறதே, அதுதான் ஞாபகம் வரும். "எங்க வீட்ல நாயே இல்லையே" என்று சொல்லிவிடுகிறோம். நாய் உண்ணி பரப்பும் காய்ச்சல்களும் உண்டு, அது தனிக் கதை. இங்கே கடிப்பது அதன் தூரத்துச் சொந்தமான சிற்றுண்ணி. அதிலும் குஞ்சு மட்டுமே கடிக்கும்.

அந்தக் குஞ்சு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆறு கால். ஈரமான புல், புதர், சருகு, இவற்றில் காத்திருந்து எலி, பெருச்சாளி, மூஞ்சூறு என்று எது உரசிப் போனாலும் ஏறிக்கொள்ளும். புதுச்சேரியில் 1975-ல் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தினர் சுற்றுவட்டாரத்தில் பொறி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளையார் வாகனம் என்று நாம் விட்டுவைக்கும் மூஞ்சூற்றின் மேல் இந்தச் சிற்றுண்ணிகள் நிறைய இருந்தன. ஆனால் மூஞ்சூற்றை அடித்து ஒழித்தால் தீராது. இந்தக் காய்ச்சலைக் கொடுக்கும் பாக்டீரியாவைத் தாய்ச் சிற்றுண்ணியே முட்டை வழியாகத் தன் குஞ்சுகளுக்குக் கொடுத்துவிடுகிறது.

குஞ்சு ரத்தம் குடிப்பதில்லை. எச்சிலால் தோலைக் கரைத்து அந்தச் சாற்றை உறிஞ்சும். வளர்ந்து எட்டுக் கால் வந்ததும் மண்ணில் பூச்சி முட்டைகளைத் தின்றுகொண்டு கிடக்கும், நம் பக்கமே வராது. வாழ்நாளில் அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் அதற்கு ஓர் உடம்பு வேண்டும். வரப்பில் உட்கார்ந்த மனிதர் கிடைத்தால் நம் உடம்பும் சரிதான். ஆடை இறுகும் இடமாகப் பார்த்து ஏறும்: இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள், மார்புக்கு அடியில். காதுக்குப் பின்னாலும் வரும். எல்லாமே நாம் காட்டக் கூச்சப்படும் இடங்கள், அல்லது கண்ணுக்கு எட்டாதவை.

(காட்சி: ரத்தக்குழாயின் உட்சுவர், வரைபடமாக.)

பாக்டீரியாவின் பெயர் ஓரியன்ஷியா சுசுகாமுஷி. முஷி என்றால் ஜப்பானிய மொழியில் பூச்சி. கடித்து ஆறு முதல் இருபத்தொரு நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும், கூடவே தலை பிளக்கும் வலி, உடம்பு வலி. ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களுக்குள் புகுந்து பெருகுவதால், கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று எங்கேயும் கை வைக்கும். பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் இதனிடம் செல்லாது. கிளினிக்கில் போட்ட ஊசி எதுவும் கேட்காததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

கேட்கிற மருந்து டாக்ஸிசைக்ளின். பழைய மருந்து, விலை மலிவு, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கொடுப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். சீக்கிரம் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். முற்றிய நோயாளிகளுக்கு இரண்டையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவது இன்னும் நல்லது என்று 2023-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. இவ்வளவு எளிதில் தீரும் நோயில் இன்னும் உயிர் போகிறது என்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

கடித்த இடத்தில் பொருக்கு எல்லாருக்கும் வராது. முதல் சில நாளில் ரத்தப் பரிசோதனையும் பிடிபடாமல் போகலாம். அதனால் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "புல் அறுத்தேன்", "ஆடு மேய்த்தேன்", "பண்ருட்டி முந்திரித் தோப்பில் சருகு கூட்டினேன்". மழை தொடங்கும் ஐப்பசியிலிருந்து மாசி வரை இதை மறக்கவே கூடாது. வீட்டில் யாருக்காவது ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் என்றால் கதவைச் சாத்திவிட்டு, உச்சி முதல் பாதம் வரை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

(காட்சி: மறுபடி அதே கரை. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்ட ஒரு பெண்.)

அத்தை பிழைத்துக்கொண்டார். இப்போதும் புல் அறுக்கிறார், மாமாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு. வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு, கட்டியிருந்த சேலையை வெந்நீரில் முக்கிவிடுகிறார். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டாலும் வாசலில் நின்று முதலில் இதைத்தான் கேட்கிறார்: "அக்குள்ல பாத்தியாடி?"