காத்திருந்தானா, கெளம்பிப் போனானா?

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிக்கறவங்க முன்னாடி வாங்க, இடம் இருக்கு. இன்னைக்கு அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரன் ஜோ பரோ பத்திப் பேசலாம்னு வந்திருக்கேன். இவன் கதைய யார் சொன்னாலும் "பொறுமையா காத்திருந்தான், ஜெயிச்சான்"னு முடிச்சுடறாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. என்னக் கேட்டா அவன் பொறுக்க முடியாம கெளம்பிப் போனதாலதான் ஜெயிச்சான்.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி சொல்லிடறேன். அமெரிக்கன் ஃபுட்பால்ல குவார்ட்டர்பேக் கைக்குப் பந்து வந்ததும் எறியணுமா, பக்கத்துல ஓடறவன்கிட்ட குடுக்கணுமான்னு ரெண்டு மூணு செகண்டுல முடிவு பண்ணணும், அதுக்குள்ள எதிர் டீம்ல மலை மாதிரி ஆளுங்க மேல பாய வந்துருவாங்க. களத்துல டீமுக்கு ஒருத்தன்தான். ரெண்டாவது குவார்ட்டர்பேக் நெலம ரெண்டாவது விக்கெட் கீப்பர் நெலமதான், முதல் ஆளுக்கு அடிபட்டா உண்டு, இல்லன்னா தண்ணி பாட்டில்தான்.

பரோ வளர்ந்தது ஒஹாயோவுல ஏதன்ஸ் பக்கம், அப்பா ஜிம்மி பரோ அந்த ஊர் யுனிவர்சிட்டி டீமுக்கு டிஃபென்ஸ் கோச். 2015ல ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டியில சேந்தான். முதல் வருஷம் எறக்கவே இல்ல, அப்புறம் முதல் குவார்ட்டர்பேக் ஜே.டி. பேரட்டுக்குப் பின்னாடி நின்னான், 2017 ஆகஸ்டுல பிராக்டிஸ்ல எறியற கையில எலும்பு முறிஞ்சு அந்த ரெண்டாவது இடமும் டுவெய்ன் ஹாஸ்கின்ஸ்னு இன்னொரு பையன்கிட்ட போச்சு. நவம்பர்ல மிச்சிகன் மேட்ச்ல பேரட் அடிபட்டு வெளிய வந்தப்ப உள்ள போய் ஜெயிச்சுக் குடுத்ததும் ஹாஸ்கின்ஸ்தான். அங்க இருந்த மூணு வருஷத்துல பரோ மேட்ச்ல எறிஞ்சது மொத்தமே 39 பாஸ்.

கோச்சுங்களுக்குக் கண்ணு தெரியலன்னு இப்ப கிண்டல் பண்றவங்க உண்டு, அது தப்பு. 2018ல அதே ஹாஸ்கின்ஸ் 50 டச்டவுன் பாஸ், அதாவது எதிராளி எல்லைக்குள்ள போய் பாயின்ட் எடுக்கற பாஸ், எறிஞ்சான். யாரு வேணாம்னு சொல்லுவா?

இங்கதான் விஷயம் இருக்கு. அப்ப இருந்த ரூல்படி டிகிரி முடிக்காம காலேஜ் மாறினா ஒரு வருஷம் ஆட முடியாது, டிகிரி வாங்கிட்டு மாறினா ஒடனே ஆடலாம். பரோ மூணே வருஷத்துல டிகிரிய முடிச்சுட்டான், 2018 மே மாசம் லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு, சுருக்கமா எல்எஸ்யூவுக்குப் போயிட்டான், ஆடறதுக்கு கையில இன்னும் ரெண்டு சீசன் பாக்கி. படிப்ப முடிச்சதுதான் அவனுக்கு வெளிய போற கதவு, இத யாரும் பெருசா பேசறதில்ல.

போன ஒடனே ஸ்டார் ஆயிடல. 2018ல 16 டச்டவுன், சுமார்தான். ஆனா 2019 ஜனவரி 1, சீசன் முடிவுல நடக்கற ஃபியஸ்டா பவுல் மேட்ச்ல யூசிஎஃப்னு இன்னொரு யுனிவர்சிட்டி கூட ஆடறப்ப அவன் எறிஞ்ச பந்த எதிராளி புடிச்சு ஓடறான், தொரத்தப் போன பரோவ பக்கத்துலேர்ந்து ஒருத்தன் வந்து இடிச்ச இடியில ஆள் அப்படியே மல்லாந்துட்டான். எந்திரிச்சு வந்து நாலு டச்டவுன் எறிஞ்சான், 40-32ன்னு ஜெயிச்சாங்க.

அடுத்த சீசனுக்கு நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ்ங்கற புரொஃபஷனல் டீம்லேர்ந்து ஜோ பிரேடின்னு ஒரு சின்ன வயசு கோச் வந்தாரு, ரிசீவருங்கள அகலமா பரப்பி விட்டு ஆடற ஸ்டைல கொண்டு வந்தாரு. பந்த புடிக்க ஜஸ்டின் ஜெஃபர்சன், ஜமார் சேஸ். பரோ மட்டும் தனியா எதையும் கிழிச்சுடல, அதையும் சொல்லணும்ல.

அந்த சீசன் டெக்சாஸ் மேட்ச்லேர்ந்து ஒரு கட்டம் சொல்றேன். எல்எஸ்யூ ஆறு பாயின்ட் முன்னாடி, ரெண்டரை நிமிஷம் பாக்கி. நாலு சான்ஸுக்குள்ள தேவையான தூரம் போகலன்னா பந்து எதிராளிக்கு, இது மூணாவது சான்ஸ், இன்னும் 17 யார்டு போகணும். வழக்கமா என்ன பண்ணுவாங்க, ஓடி டைமக் கழிப்பாங்க. இவங்க எறிஞ்சாங்க. டெக்சாஸ் ஆளுங்க கூட்டமா பாயறாங்க, பரோ பதறாம ஓரமா ரெண்டு எட்டு நகந்து ஜெஃபர்சனுக்கு விட்டான், 61 யார்டு, டச்டவுன்! எனக்கு அந்த சீசனே அந்த ரெண்டு எட்டுலதான் இருக்குன்னு தோணும்.

மத்தத வேகமா சொல்லிடறேன், அலபாமாவ அவங்க ஊர்லயே 46-41, ஓக்லஹோமா கூட முதல் பாதியிலயே ஏழு டச்டவுன் பாஸ், 2020 ஜனவரி 13 ஃபைனல்ல கிளெம்சன 42-25. பதினஞ்சுக்குப் பதினஞ்சு. சீசன் மொத்தம் 5,671 யார்டு, 60 டச்டவுன் பாஸ். சீசனோட சிறந்த காலேஜ் ஆட்டக்காரனுக்குக் குடுக்கற ஹெய்ஸ்மன் டிராஃபியும் வாங்கினான், எல்எஸ்யூவுக்கு 1959ல பில்லி கேனனுக்கு அப்புறம் அதுதான்.

அந்த மேடையில நன்றி சொல்லிட்டு எறங்கியிருக்கலாம், ஆனா கண்ணு கலங்கி எங்க ஊர்ப்பக்கம் பசியோட வீட்டுக்குப் போற பசங்க இருக்காங்கன்னு பேசினான். அதக் கேட்டு ஊர்க்காரர் ஒருத்தர் ஆயிரம் டாலர் சேத்தா போதும்னு ஆன்லைன்ல வசூல் ஆரம்பிச்சாரு, அஞ்சு லட்சம் டாலரத் தாண்டிடுச்சு.

ஆனா பரோவுக்கு அப்ப சம்பளம் கெடையாது, ஸ்காலர்ஷிப்தான். ஒரு லட்சம் பேர் உக்கார்ற ஸ்டேடியம், கோச்சுக்கு மில்லியன்ல சம்பளம், அவரு நெனச்சா அடுத்த வருஷமே வேற காலேஜுக்குத் தாவலாம், பையன் தாவினா மட்டும் ஒரு வருஷம் உக்காரணும், என்னங்க நியாயம்? 2021ல ஒரு தடவ மாறினா உக்கார வேணாம்னு மாத்தினாங்க, தன் பேர், படத்த வச்சு விளம்பரத்துல சம்பாதிக்கவும் விட்டாங்க. இப்பன்னா பரோ ரெண்டாவது வருஷமே பெட்டிய கட்டியிருப்பான். ஆட்டம் கெட்டுப்போச்சுன்னு பொலம்பறவங்க நெறைய, நான் அந்தக் கட்சி இல்ல. சரி, யாருக்காவது கேள்வி இருந்தா கேளுங்க, மைக்கக் குடுங்க அவருகிட்ட.