மலர்வளையம் போகாத இடம்

(நாகப்பட்டினத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

ஒரு தூதர் தலைநகரை விட்டு வெளியே பயணம் போனால் செய்தி மூன்று வரியில் முடிந்துவிடும். ஆளுநரைச் சந்தித்தார், தொழிற்பேட்டையைப் பார்வையிட்டார், போர்க்கல்லறையில் மலர்வளையம் வைத்தார். அந்த மூன்றாவது வரிதான் இன்றைய பேச்சு. நாகைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். மலாயாவுக்குக் கப்பல் ஏறிய துறைமுகம் இது.

பாங்காக்கில் உள்ள ஆஸ்திரேலியத் தூதரை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 25 அவர்களுடைய அன்சாக் நாள், போரில் இறந்த தங்கள் படைவீரர்களை நினைக்கும் நாள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போர்க்கைதிகளையும் தொழிலாளர்களையும் வைத்துச் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போட்ட 'மரண ரயில்' பாதையில் இருக்கிறது காஞ்சனபுரி. பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அங்கிருந்து ஹெல்ஃபயர் கணவாய் இன்னும் 80. நிகழ்ச்சி விடியலுக்கு முன்பே தொடங்குவதால் முதல் நாள் இரவே போய்த் தங்கவேண்டும். கைதிகள் உளியும் சம்மட்டியுமாகப் பாறையை வெட்டிய பள்ளத்தில், இருட்டில் கூடுவார்கள். ஊதுகொம்பு, மௌனம், மறுபடி ஊதுகொம்பு, பிறகு மலர்வளையம். அன்று காலையே காஞ்சனபுரிக் கல்லறையிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. இதே போன்ற நினைவு நாள் டச்சுக்காரர்களுக்கு மே 4, பிரிட்டிஷாருக்கு நவம்பர் 11.

காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள், அதன் அருகிலுள்ள சுங்காயில் 1,700க்கு மேல், பர்மாப் பக்கம் தான்பியூசாயாட்டில் 3,700க்கு மேல். பெரும்பாலும் ஆளுக்கு ஒரு கல், கல்லுக்கு ஒரு பெயர். 415 கிலோமீட்டர் காட்டு ரயில் பாதையில் செத்தவர்களின் பெயர் எப்படி இவ்வளவு துல்லியமாகக் கிடைத்தது? கைதிகள் ராணுவத்தார். முகாம்தோறும் அதிகாரி இருந்தார், மருத்துவர் இருந்தார். யார் எந்த நாளில் இறந்தார், எங்கே புதைத்தார்கள் என்று ஒளித்து ஒளித்துக் குறித்து வைத்தார்கள். 1945 செப்டம்பரில் 13 பேர் கொண்ட குழு ஒன்று அந்தக் குறிப்புகளோடு பாதை நெடுகப் போய், 144 இடுகாடுகளில் 10,000க்கு மேற்பட்ட புதைகுழிகளைக் கண்டுபிடித்தது.

அந்தக் குழு தேடியது கைதிகளை மட்டும்தான்.

அதே பாதையில் மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் பால்மரத் தோட்டத்துத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லி, சரக்கு ரயிலில் ஏற்றி, தாய்லாந்தின் பான் போங் என்ற ஊரில் இறக்கினார்கள். அதற்கு மேல் நடை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது இவர்கள் முகாம்களில் மருத்துவரும் இல்லை, பெயர் எழுதி வைக்க ஆளும் இல்லை. எல்லா நாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்து இறந்தோர் ஏறத்தாழ 90,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மேட்டூரில் தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்கு வருவதற்குள் வாய்க்கால் காய்ந்துவிடுவதுபோல, மலர்வளையமும் பெயர் இருக்கிற கல்லோடு நின்றுவிடுகிறது.

தமிழ் அங்கே அடியோடு இல்லை என்று சொல்லமுடியாது. ஜப்பானியப் படையே 1944இல் குவாய் பாலத்துக்கு அருகில் ஒரு நினைவுத்தூண் கட்டியது. அதில் தமிழ்ப் பலகையும் இருக்கிறது. சாகடித்தவனே வைத்த கல்வெட்டு! காஞ்சனபுரி வாட் தாவோர்ன் கோவிலில் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளுக்கு ஒரு தூபி உண்டு. அதே வளாகத்தில் 2024இல் தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் நட்டார்கள். ஆனால் நடுகல் என்றால் பெயர் வேண்டுமே. அந்தப் பெயர்கள் இருப்பது இங்கே, நம் வீட்டுத் தகரப்பெட்டிகளில்.

முதலில் மலாயாவிலிருந்து வந்த மணியார்டர் ரசீதையும் அஞ்சலட்டையையும் எடுங்கள். முத்திரையில் உள்ள தேதியும் ஊரும்தான் முக்கியம். சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. அதையொட்டித் தபால் நின்றுபோனது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். '42க்குப் பிறகு கடிதமே இல்லை, ஆகவே சயாம் மரண ரயிலில் போய்விட்டார்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கடிதம் யாருக்குமே வரவில்லை. அவர் தோட்டத்திலேயே பட்டினியில் இறந்திருக்கலாம், நேதாஜியின் ஐ.என்.ஏ. என்ற இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருக்கலாம், உயிரோடு இருந்து அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்திருக்கலாம். கடைசியாகச் சொன்னது சில வீடுகளில் கசக்கும். போர் முடிந்த பிறகு, 1945 கடைசியிலிருந்து 1947 வரை, அதே தோட்டத்திலிருந்து ஊர்க்காரர் யாராவது எழுதிய கடிதம் இருந்தால் அதுதான் உண்மையான சாட்சி.

அடுத்தது தோட்டத்தின் பெயர். கிராணியின், அதாவது தோட்டக் கணக்கரின், செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் இருப்பது ஆங்கிலப் பெயர், நம் ஆட்கள் கூப்பிட்டது வேறு பெயர். இரண்டையும் எழுதுங்கள், பக்கத்து ரயில் நிலையத்தையும் எழுதுங்கள்.

உங்கள் ஆள் பிரிட்டிஷ் இந்தியப் படைச் சிப்பாய் என்றால் வேலை சுலபம். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். நமக்கு ஒரே பெயர், எனவே குடும்பப் பெயர்க் கட்டத்தில்தான் போடவேண்டும். கோவிந்தசாமி என்ற ஒரு பெயரையே அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் நாலு விதமாக எழுதியிருக்கிறார்கள், அத்தனையையும் போட்டுப் பாருங்கள். மாவட்டம் 'நாகப்பட்டினம்' என்று தேடினால் ஒன்றும் வராது. இந்த மாவட்டம் பிறந்ததே 1991இல்; திருவாரூர் 1997, மயிலாடுதுறை 2020. அன்று எல்லாம் தஞ்சாவூர், அதையும் 'டான்ஜோர்' என்ற பழைய எழுத்தில்தான் தேடவேண்டும். தகனம் செய்யப்பட்டவருக்குத் தனிக் கல்லறை இருக்காது, பெயர் சுவரில் இருக்கும். சிங்கப்பூர் கிராஞ்சியில் இப்படித் தகனமான ஏறத்தாழ 800 பேருக்கு ஒரு நினைவகமே உண்டு. பெரும்பாலோர் இந்தியப் படையினர்.

இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதி, ரசீதின் இரு பக்கப் படங்களோடு, தாய்லாந்து என்றால் பாங்காக் இந்தியத் தூதரகத்துக்கும், மலேசியா, சிங்கப்பூர் என்றால் அங்குள்ள இந்திய ஹைகமிஷனுக்கும் அனுப்புங்கள். தூதர் புறப்படுவதற்கு முதல் வாரம் போய்ச் சேரும் கடிதத்தால் பயனில்லை. அதற்குள் நிகழ்ச்சி நிரல் அச்சாகியிருக்கும். மூன்று நான்கு மாதம் முன்னதாகப் போகட்டும். மூல ரசீதை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தாலும் இறந்தவர் பெயரைத் தமிழிலும் தெளிவாக எழுதுங்கள். ழகரமா ளகரமா என்று கல் வெட்டுகிறவருக்குத் தெரியவேண்டும்.